பின்சீட்டுக்கு ஒரு காற்று மெத்தை

நெடுஞ்சாலையும் சந்தை ரோடும் சேரும் முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்தவருக்குப் பேச்சு கொஞ்சம் குறைவு. ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தை விரலால் காட்டுவாரே தவிர, ஓட்டை இங்கே என்று வாயால் சொல்ல மாட்டார். பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் அதற்கு நேர்மாறு. அவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பேச்சு போக மீதி இருப்பதைப் பஞ்சர் கடைக்காரருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

பஞ்சர் கடைக்காரருக்கு ஒரே மகன். சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு ஒன்றில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதில், கூட வேலை பார்த்தவனோடு வண்டிச் சாவிக்காகத் தகராறு. சின்ன வார்த்தை பெரிய வார்த்தையாகி, கையில் இருந்த வீல் ஸ்பேனரால் ஒரே ஒரு அடி. அடிபட்டவன் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அடித்தவன் அன்று மதியமே ஊரை விட்டு ஓடி, தாய்மாமன் வீட்டு மாடியறையில் பதுங்கிக்கொண்டான்.

அவன் அங்கே இருக்கிறான் என்பது மூன்றே பேருக்குத் தெரியும். மாமன், அம்மா, அப்பா. மூவரும் காதும் காதும் வைத்தாற்போல இருந்தார்கள். போலீஸ் இரண்டு தடவை வந்து பஞ்சர் கடையைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனது. அவர் வாயைத் திறக்கவில்லை.

செத்தவனைப் புதைத்த மறுநாள் காலை, அவனுடைய அப்பா கடைக்கு வந்தார். கிழிந்த டயர்கள் அடுக்கி வைத்திருந்ததன் மேல் உட்கார்ந்தார். திட்டவில்லை, அழவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. சாயங்காலம் கடை சாத்தும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாளும் வந்தார். பஞ்சர் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். அதை அவர் கையில் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. டீ ஆறி ஏடு படிவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் ஒட்டிக்கொண்டிருந்த ட்யூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அன்று சாயங்காலம் அவரே மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போய்ச் சொல்லிட்டேன்."

கத்தி நின்றது. "எங்க அண்ணன் வீட்டைக் காட்டிக் கொடுத்தீங்களா?"

"ஆமா."

"அவரையும் சேர்த்துப் பிடிச்சுட்டுப் போயிருப்பாங்களே."

"ம்."

அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். ஒரு கூச்சல், ஒரு சாபம், தலையில் அடித்துக்கொள்வது எதுவும் இல்லை. அவள் அண்ணனை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகனுக்குப் பத்து வருஷம் போட்டார்கள். அவனாக வந்து சரணடைந்த மாதிரி எழுதினால் குறையும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். எழுதினார்களா இல்லையா தெரியாது, குறையவில்லை.

வீட்டில் சோறு நேரத்துக்கு வந்தது. துணி துவைத்து மடித்து வந்தது. பேச்சு மட்டும் தேவைக்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவரும் பேச்சில்லாத ஆள் என்பதால் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

சிறை நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை மனு கொடுத்து மகனைப் பார்க்கலாம். டோக்கன் பதினொரு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும். முதல் தடவை அப்படிப் போய், இருபது நிமிஷத்தில் டோக்கன் தவறி, மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவருடைய பழைய மோட்டார் சைக்கிள்தான்.

அவள் அதற்கு முன்பு அவர் வண்டியில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறாள். ஏறினால் வலது கை தானாக அவர் தோளுக்குப் போகும். இப்போது அவள் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் முதுகு பின்னால் ஒடிந்து முன்னால் வந்தது. அவர் கண்ணாடியில் பார்த்தார். தோளைப் பிடித்துக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்ல அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விழுங்கிக்கொண்டார்.

இரண்டு வருஷம் போனபின் அவள் வண்டியிலிருந்து இறங்கியதும் நடக்க முடியாதவளானாள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஐந்து நிமிஷம் அப்படியே நிற்பாள். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுவார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சரி செய்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மகன் கேட்பான்.

"எப்படிம்மா வந்தீங்க?"

"பஸ்லதான்டா. நல்லா தூங்கிட்டே வந்தேன்."

அவர் பின்னால் நின்றுகொண்டிருப்பார். பதினைந்து நிமிஷமும் அம்மாவுக்கும் மகனுக்கும்தான். கடைசியில் மகன் அவர் பக்கம் ஒரு தடவை பார்ப்பான். அவர் தலையை ஆட்டுவார்.

மூன்றாம் வருஷம், ஒரு வெயில் நாளில், கடைக்கு ஒரு பெரிய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். முப்பது வயதிருக்கும். முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி. பின் டயரில் ஆணி. டயரைக் கழற்றும்போதுதான் பஞ்சர் கடைக்காரர் சீட்டின் மேல் கட்டியிருந்த பொருளைப் பார்த்தார். கறுப்பாக, முட்டை அட்டையைக் கவிழ்த்த மாதிரி வரிசையாகக் குமிழ்கள். ஓரத்தில் திருகு வைத்த சின்ன வால்வு.

"அண்ணே, அப்படியே இதையும் ஒரு தடவை தண்ணில போட்டுப் பாருங்க. எங்கயோ காத்து இறங்குது," என்றான் வந்தவன்.

அவர் கம்ப்ரஸர் குழாயை எடுத்தார். அவன் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐயையோ, அது வேணாம்ணே! வெடிச்சுரும். வாயால ஊதணும்."

ஊதினார். தொட்டியில் அமுக்கினார். இரண்டு குமிழுக்கு நடுவே ஊசி முனை அளவு ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, காயும்வரை காத்திருந்து, நகமளவு ஒட்டுப் போட்டார். அவராக வாயைத் திறந்து கேள்வி கேட்டதைப் பார்த்து வெல்டிங் பட்டறைக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

"இது எதுக்கு?"

"முதுகு, இடுப்பு, பின்னாடி வலி எதுவும் வராதுண்ணே. ஒரு நாளைக்கு ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுறேன். ஆனா நிறையக் காத்து இருக்கக் கூடாது. முழுசா ஊதி, மேல உக்காந்து, திருகைக் கொஞ்சமா திறந்து விட்டுட்டே வரணும். எலும்பு சீட்டுல இடிக்குமோ இடிக்காதோன்னு இருக்கும் பாருங்க, அங்க நிறுத்தணும். அப்பதான் மிதக்கிற மாதிரி இருக்கும்."

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்லண்ணே. சும்மா. பதினஞ்சு நாள் லீவு."

சும்மா. பஞ்சர் கடைக்காரருக்கு அந்தச் சொல் அன்று முழுக்க மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லாமல் ஒருவன் ஐநூறு கிலோமீட்டர் போகிறான்!

சாயங்காலம் வெல்டிங் பட்டறைக்காரரிடம் போய் நின்றார். அவருடைய போனில்தான் இந்த மாதிரி பொருள் எல்லாம் வரவழைக்க முடியும்.

"என்னய்யா, டயருக்குக் காத்தடிச்சது போதாதுன்னு இப்ப சீட்டுக்கும் அடிக்கப் போறியா?" என்று சிரித்தவர், யாருக்கு என்று கேட்டதும் கிடைத்த பதிலில் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். ஒன்பதாம் நாள் மெத்தை வந்தது.

சனிக்கிழமை விடியற்காலை அவர் அதைப் பின்சீட்டில் வைத்து, பட்டையை இழுத்துக் கட்டி, குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். அவள் பையோடு வந்து நின்றாள்.

"என்ன இது?"

"உன் முதுகுக்கு."

"பலூன் மேல உக்கார்ற வயசா எனக்கு?"

அவள் ஏறினாள். மெத்தை ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்ப, அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். அவர் கையைப் பின்னால் விட்டு, அவள் மேல் படாமல், திருகைத் தேடித் திறந்தார். காற்று மெல்லச் சீறியது.

"அடியில இடிக்கிற மாதிரி இருந்தா சொல்லு."

அவள் ஒன்றும் சொல்லாததால் தானே ஒரு கணக்கில் நிறுத்திக்கொண்டார். நாற்பது கிலோமீட்டரில் ஒரு தடவை கேட்டார். "எப்படி இருக்கு?" காற்றுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டார். சிறை வாசலில் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். ஹேண்டில்பாரைப் பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்து நடந்தாள். அவர் வண்டியை ஸ்டாண்ட் போட மறந்து, அதைப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது, பாதி வழியில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் காத்தைக் குறைங்க."

மூன்று வருஷத்தில் அவள் அந்த வண்டியில் பேசிய முதல் வார்த்தை அது. வெயிலில் நிறுத்தியிருந்ததில் உள்ளே காற்று விரிந்து மெத்தை கல்லாகியிருந்தது. அவர் ஓரம் கட்டி, இறங்கி, திருகைத் திறந்தார்.

"போதுமா?"

"இன்னும்."

"இப்போ?"

"ம். சரி."

அடுத்தடுத்த மாதங்களில் அவர்களுக்குள் பேச்சு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். காத்து அதிகம். காத்து கம்மி. இப்போ சரி. அவர் இதற்காகவே மாதத்தின் மற்ற நாட்களைத் தள்ளினார் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தடவை அவள், "இதைக் கண்டுபிடிச்சவன் பொண்டாட்டியும் இடுப்பு வலிக்காரியா இருந்திருப்பா," என்றாள். அவர் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். ஆனால் அவள் கை என்னவோ கம்பியில்தான் இருந்தது. வலி குறைந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார அவளுக்கு இன்னும் வசதியாகத்தான் போயிற்று.

மெத்தையை வண்டியில் விட்டுவிட்டுப் போனால் யாராவது அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று இரண்டாவது தடவையிலிருந்து அவள் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக் கொண்டுபோவாள். பைகளைச் சோதிக்கும் மேஜையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போவாள். ஒரு வருஷம் இப்படி ஓடியது. பிறகு அந்த மேஜைக்குப் புதிதாக ஒரு காவலர் வந்தார். நல்ல மனுஷர், கலகலப்பானவர். பைக்குள் இருப்பது என்ன என்று கேட்டு அவளிடமே விவரம் தெரிந்துகொண்டார். அன்று மனு பார்க்கும் இடத்திலும் அவர்தான் நின்றிருந்தார். அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே குறுக்கே புகுந்தார்.

"தம்பி, உங்கம்மா பலே ஆளுப்பா! நூத்து முப்பது கிலோமீட்டர் பைக்ல, பலூனைக் கட்டிக்கிட்டு வர்றாங்க. நான் இந்த மாதிரிப் பார்த்ததே இல்ல."

மகனின் முகம் செத்துப்போயிற்று.

"பைக்லயாம்மா வர்றீங்க?"

"இல்லடா, இன்னைக்கு மட்டும்..."

"எத்தனை நாளா?"

அவன் அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தான். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

"மொதல்ல இருந்தே," என்றார் அவர்.

அவன் மிச்ச நேரத்தை வலையைப் பிடித்துக்கொண்டு கழித்தான்.

அடுத்த மாதம் பெயரைக் கூப்பிட்டு உள்ளே போய் நின்றபோது வலைக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. காவலர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "வர மாட்டேங்கறான்மா. நான் சொல்லிப் பார்த்துட்டேன்." அவருக்குத் தான் செய்தது என்ன என்று புரிந்திருந்தது, அதன் பிறகு அவர் எந்த மனுதாரரோடும் சிரித்துப் பேசி அவர்கள் பார்க்கவில்லை. அதற்கடுத்த மாதமும் அவன் வரவில்லை. மூன்றாவது மாதம் காவலர் கையில் ஒரு சீட்டு வந்தது. ரூல் போட்ட நோட்டில் கிழித்தது.

'அம்மா வண்டியில் வந்தால் நான் வெளியே வர மாட்டேன். ஒரு ஆளின் உயிரை எடுத்தது போதும். அம்மா இடுப்பையும் உடைத்தேன் என்று இருக்க வேண்டாம்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து, தகரக் கூரை போட்ட காத்திருப்புக் கொட்டகையில் உட்கார்ந்து, எல்லார் முன்னிலையிலும் வாய்விட்டு அழுதாள். நான்கு வருஷ அழுகை. பக்கத்தில் இருந்த பெண் யாரோ அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் கொஞ்சம் தள்ளி, மெத்தை இருந்த பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதை வாங்காமலே இருந்திருந்தால் காவலர் பார்த்திருக்க மாட்டார். மகனுக்குத் தெரிந்திருக்காது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாவது பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பாள். இரண்டாவது தடவையாக, தான் நல்லது என்று செய்தது அவள் பிள்ளையை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அப்படியே அவளிடம் சொல்லிவிடலாம் என்று கிட்டே போனார். "கிளம்பலாமா?" என்றுதான் வந்தது.

பஸ்ஸை இன்னொரு தடவை முயன்றார்கள். இரண்டாவது பஸ்ஸில் நிற்க மட்டுமே இடம் கிடைத்தது. டோக்கன் மூடியபின் போய்ச் சேர்ந்தார்கள். அவள் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தாள். பக்கத்தூர் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இனி பஸ், வண்டி எதுவும் வேண்டாம் என்று கையை விரித்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. அம்மா வரக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கான்?" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை விடியற்காலை அவர் வண்டியை எடுத்தபோது, மெத்தை பின்சீட்டிலிருந்து அவருடைய சீட்டுக்கு மாறியிருந்தது. அவள்தான் குனிய முடியாமல் குனிந்து கட்டியிருக்கிறாள்.

"உங்களுக்கும் அம்பத்தாறு ஆகுது. இடுப்பு இரும்பா என்ன?"

அவர் கனத்துக்கு இன்னும் நாலு மூச்சு ஊத வேண்டியிருந்தது. வழி நெடுக வண்டி லேசாக இருந்தது. பின்னால் ஆள் இல்லாத வண்டி வேகத்தடையில் துள்ளும் விதமே வேறு. ஒவ்வொரு துள்ளலிலும் அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

மகன் வந்தான். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அப்பாவும் மகனும் நேருக்கு நேர்.

"அம்மா?"

"படுத்திருக்கா. டாக்டர் வண்டியே கூடாதுன்னுட்டார்."

"ம்." வலையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றான்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"ஏம்பா?"

அவர் சொல்ல முயன்றார். டயர் மேல் உட்கார்ந்திருந்த மனுஷரைப் பற்றி, ஆறிப்போன டீயைப் பற்றி. அவருக்குக் கோவையாக வரவில்லை. அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாக வந்தது. மகன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்பவும் வர்றாரா அவர்?"

"எப்பவாச்சும். சைக்கிளுக்குக் காத்தடிக்க."

"என்ன பேசுவார்?"

"ஒண்ணும் பேச மாட்டார். அடிச்சதும் போயிடுவார்."

மணி அடித்தது. மகன் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இனி வராதே என்றும் சொல்லவில்லை. திரும்பி நடந்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போது சாயங்காலம் ஆகியிருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"வந்தானா?"

"வந்தான்."

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கான்."

"அது நீங்க சொல்றது. அவன் என்ன சொன்னான்? எளைச்சிருக்கானா? ராத்திரி தூக்கம் வருதாமா? என்ன சட்டை போட்டிருந்தான்?"

அவர் திருதிருவென்று விழித்தார். சட்டையின் நிறம்கூட நினைவில் இல்லை. தன்னுடைய கண்ணும் காதும் வீட்டில் இருப்பவளுக்காகத்தான் அங்கே போயிருந்தன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் கேள்விகளைப் பாடம் செய்துகொண்டு போனார். திரும்பி வரும்போது நூற்று முப்பது கிலோமீட்டரும் ஹெல்மெட்டுக்குள் மகன் சொன்னதையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார், ஒரு வார்த்தை சிந்தாமல். 'சாப்பாடு பரவாயில்லை. பல் வலி போயிடுச்சு. தச்சு வேலை கத்துக்கறேன். அம்மாவைக் குனிய வேணாம்னு சொல்லுங்க.' அவள் கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சிலதைத் திரும்பச் சொல்லச் சொல்வாள். அவரும் மகனும் தங்களுக்குள் பேசிக்கொண்ட அந்த முதல் பேச்சை மட்டும் அவர் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் மகன் பேசும் நிலையில் இல்லை. உள்ளே ஏதோ நடந்திருக்கிறது. கீழ் உதடு வீங்கியிருந்தது. எதைக் கேட்டாலும் "ம்" என்றான். பதினைந்து நிமிஷத்துக்கும் அதுதான் பதில். திரும்பும் வழியில் சொல்லிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் அவர் வெறும் வாயோடு வந்தார். ஊர் நெருங்க நெருங்கப் பயம் வந்தது. தானே சில வார்த்தைகளைச் சேர்த்துக் கோத்துக்கொண்டார்.

"அம்மாவை நினைச்சுக்கிட்டே இருக்கேன், கவலைப்பட வேணாம்னு சொல்லுங்க, சீக்கிரம் வந்துருவேன் அப்படின்னான்," என்றார்.

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"அவன் அப்படிப் பேச மாட்டான்," என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல எழுந்து, அவருக்குச் சோறு போட உள்ளே போனாள். அடுப்படியில் தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. கூப்பிடும்வரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.